தங்கத் துகளுக்கு எந்த மேலுறை? என்ட்ரோபியை வைத்து ஓர் ஒப்பீடு

புதுச்சேரி காலாப்பட்டிலும் கடலூரிலும் எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு நானோ தலைப்பு எடுப்பவர்கள் முதலில் மண்டையை உடைத்துக்கொள்வது எந்தத் துகள் என்பதில்தான். தங்கமா, வெள்ளியா, சிலிக்காவா? என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. துகளின் மேல் என்ன போர்த்தியிருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. ரத்தச் சீரத்தில் விட்ட கொஞ்ச நேரத்திலேயே துகளின் மேல் புரதங்கள் ஏறிவிடுகின்றன. அதன்பிறகு செல் பார்ப்பது உங்கள் தங்கத்தை அல்ல, அந்தப் புரத உறையை. டப்ளினில் கென்னத் டாசன், இசல்ட் லிஞ்ச், ஸ்வீடனின் லுண்ட் நகரில் சாரா லின்ஸ ஆகியோரின் குழு 2007-இல் இதைக் ‘கொரோனா’ என்று அழைத்து, எந்தப் புரதம் எவ்வளவு இறுக்கமாக ஏறுகிறது, எவ்வளவு வேகத்தில் இறங்குகிறது என்று அளக்கத் தொடங்கியது. இதையெல்லாம் தீர்மானிப்பதில் மேலுறைக்குப் பெரிய பங்கு. மேலுறையின் குணத்தில் என்ட்ரோபிக்கு, அதாவது மூலக்கூறுகள் எத்தனை விதமாக அலைந்து நிற்க முடியும் என்ற சுதந்திரத்தின் அளவுக்கு, பெரிய பங்கு. ஆனால் ப்ராஜெக்ட் அறிக்கைகளில் என்ட்ரோபி ஒரு அட்டவணையின் கடைசிக் கட்டத்தில் ஒரு எண்ணாக உட்கார்ந்திருப்பதோடு சரி.

ஒப்பிட வசதியாகச் சிலவற்றை நிலையாக வைத்துக்கொள்கிறேன். துகள் 20 நானோமீட்டர் தங்கம். புரதம் ஆல்புமின். நம் ரத்தத்தில் லிட்டருக்கு 35 முதல் 50 கிராம் வரை இருப்பது அதுதான். லேப் ஃபிரிட்ஜில் மாட்டு ஆல்புமின் டப்பா ஒன்றாவது கிடக்கும். வெப்பநிலை உடலின் 37 பாகை, அதாவது 310 கெல்வின். போட்டியில் இருக்கும் மேலுறைகள் சிட்ரேட், இலைச்சாறு, பெக் எனப்படும் பாலிஎத்திலீன் கிளைக்கால், நேர்மின்சுமையும் எதிர்மின்சுமையும் ஒரே மூலக்கூறில் சேர்ந்திருக்கும் ஸ்விட்டர் அயனி.

யாருக்கு விடுதலை?

துகளில் ஒட்டுவது புரதத்துக்கு நஷ்டம்தான். கரைசலில் இஷ்டத்துக்கு அலைந்துகொண்டிருந்தது ஓரிடத்தில் மாட்டிக்கொள்கிறது, அதன் என்ட்ரோபி குறைகிறது. கிப்ஸ் சமன்பாடு எல்லோருக்கும் தெரிந்ததே. என்தால்பி (வெப்பக் கணக்கு) மாற்றத்திலிருந்து, வெப்பநிலையால் பெருக்கிய என்ட்ரோபி மாற்றத்தைக் கழித்தால் வருவது கட்டிலா ஆற்றல் மாற்றம். அது எதிர்க்குறியில் இருந்தால்தான் ஒட்டுதல் தானாக நடக்கும். சில சோடிகளில் ஒட்டும்போது வெப்பம் வெளியே வருவதற்குப் பதிலாக உள்ளே இழுக்கப்படுகிறது. அப்படியும் ஒட்டுகிறது என்றால், புரதம் இழந்த சுதந்திரத்தைவிட அதிகமான சுதந்திரம் வேறு யாருக்கோ கிடைத்திருக்கிறது. அந்த ‘வேறு யாரோ’ நீராக இருக்கலாம், மேற்பரப்பை ஒட்டி நின்ற அயனிகளாக இருக்கலாம், புரதம் வந்ததும் இடத்தைக் காலிசெய்த மேலுறை மூலக்கூறுகளாக இருக்கலாம். மடிப்பு தளர்ந்துபோன அதே புரதமாகவும் இருக்கலாம்.

நீரை மட்டும் எடுத்து ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆல்புமினின் குறுக்களவு சுமார் 7 நானோமீட்டர்; அதன் காலடிப் பரப்பு 38 சதுர நானோமீட்டர் என்று வைக்கலாம். ஒரு நீர் மூலக்கூறுக்கு 0.1 சதுர நானோமீட்டர் இடம் வேண்டும் என்றால் ஒரே அடுக்கில் கிட்டத்தட்ட 400 மூலக்கூறுகள். கெட்டியாகப் பிடிபட்ட ஒரு நீர் மூலக்கூறு சாதாரண நீருக்குத் திரும்பும்போது என்ட்ரோபியால் வரும் லாபத்துக்கு ஜாக் டுனிட்ஸ் 1994-இல் ஓர் உச்சவரம்பு கணக்கிட்டார். அறை வெப்பநிலையில் அது மோலுக்கு ஏறத்தாழ 8 கிலோஜூல். மேற்பரப்பு நீர் அவ்வளவு இறுக்கமாகப் பிடிபட்டிருக்காது. ஒன்றுக்கு அரை கிலோஜூல் என்றே வையுங்கள். 400 மூலக்கூறுக்கு 200 கிலோஜூல் வந்துவிடுகிறது. ஆனால் ஒட்டுதல் எவ்வளவு வலு என்று காட்டும் சமநிலை மாறிலி பத்து லட்சம் என்றால் நிகர கட்டிலா ஆற்றல் லாபம் 36 கிலோஜூல்தான். கையில் நிற்பது 36, உள்ளே வந்துபோன தொகைகள் நூற்றுக்கணக்கில். அந்த வரவையும் செலவையும் பிரித்துப் பெயர் சொல்ல முடிகிற மேலுறையைத்தான் இந்த மாதிரி ப்ராஜெக்டுக்கு எடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

சிட்ரேட்

டர்கெவிச் 1951-இல் சொன்ன முறை. ஃப்ரென்ஸ் 1973-இல் சிட்ரேட் அளவை மாற்றித் துகளின் பருமனை மாற்றலாம் என்று காட்டினார். கொதிக்கும் தங்கக் குளோரைடு கரைசலில் சோடியம் சிட்ரேட்டை ஊற்றினால் வெளிர்மஞ்சள் போய்த் தண்ணீர்போல் ஆகும், பிறகு கறுப்பு கலந்த நீலம் தட்டும், கொஞ்ச நேரத்தில் ஒயின் சிவப்புக்கு வந்து நிற்கும். ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கண்ணாடிக் குடுவையை மட்டும் கடைசியாகக் காய்ச்சி வடித்த நீரில் கழுவிவிடுங்கள். நம் கடற்கரை ஊர்களின் போர் தண்ணீரில் இருக்கும் உப்புக்கு, அடியில் தங்கிய சொட்டே சிவப்பைக் கெடுக்கப் போதும்.

சிட்ரேட் துகள்கள் ஒன்றையொன்று தள்ளி நிற்கக் காரணம் மின்சுமை என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். அந்தத் தள்ளலே பெரிதும் என்ட்ரோபி சார்ந்தது. எதிர்மின்சுமைத் துகளைச் சுற்றிச் சோடியம் அயனிகள் ஒரு மேகமாக நிற்கின்றன. இரண்டு துகள்கள் நெருங்கினால் இரண்டு மேகமும் நசுங்குகிறது, அயனிகளின் நடமாட்டம் குறுகுகிறது, அந்தச் சவ்வூடுபரவல் அழுத்தம்தான் துகள்களை விலக்குகிறது. 1 மில்லிமோலார் உப்பில் மேகத்தின் தடிமன் சுமார் 10 நானோமீட்டர். ரத்தத்தின் 150 மில்லிமோலாரில் 0.8 நானோமீட்டருக்குச் சுருங்கிவிடும். அதனால்தான் வெறும் சிட்ரேட் துகளை உப்புள்ள பஃபரில் போட்டதும் கூழ்மம் (துகள்கள் மிதக்கும் நீர்மம்) திரிந்து நீலமாகிறது.

ஆல்புமின் வரும்போது இந்த மேகத்தில் ஒரு பங்கு கலைகிறது. துகளருகே நின்ற அயனிகளும் புரதத்தின் நேர்மின்சுமைத் திட்டுகளருகே நின்ற அயனிகளும் கரைசலுக்குள் போய்விடுகின்றன. ஆல்புமினின் மொத்த மின்சுமை 7.4 பிஎச்சில் எதிர்க்குறிதான், ஆனாலும் எதிர்மின்சுமைத் தங்கத்தில் ஒட்டுகிறது. லைசின் என்ற நேர்மின்சுமை அமினோ அமிலத் திட்டுகளும் அயனி விடுதலையும் இதற்கு ஒரு பங்கு காரணம். ஓர் அயனிக்கு எவ்வளவு லாபம் என்பது வெளியே உப்பு எவ்வளவு என்பதைப் பொறுத்தது. மேற்பரப்பருகே செறிவு 1 மோலார் என்று வையுங்கள். வெளியே 1 மில்லிமோலார் இருந்தால் ஓர் அயனிக்கு லாபம் ஆயிரத்தின் இயல் மடக்கை, அதாவது 6.9 வெப்ப அலகு. வெளியே 150 மில்லிமோலார் என்றால் 1.9 தான். (37 பாகையில் ஒரு வெப்ப அலகு மோலுக்கு 2.58 கிலோஜூல்.) நீர்த்த பஃபரில் ஒட்டுதலை அளந்துவிட்டு ‘உடலில் இப்படித்தான் நடக்கும்’ என்று முடிவுரையில் எழுதுகிறார்களே, அங்கேதான் உதைக்கிறது. மூன்று மடங்குக்கும் மேலாக ஊதிய எண்ணை வைத்துக்கொண்டு உடலைப் பற்றிப் பேசக்கூடாது.

இந்தக் குறையே சிட்ரேட்டின் பலமும். உப்பை ஏற்றிக்கொண்டே போய் ஒட்டுதல் மாறிலி எப்படி விழுகிறது என்று பார்க்கலாம். இரண்டின் மடக்கைகளையும் வரைபடமாக்கினால் சாய்வு ஏறத்தாழ எத்தனை அயனிகள் விடுதலையாயின என்று சொல்லும். டிஎன்ஏ–புரதப் பிணைப்பில் ரெக்கார்டும் லோமனும் 1970-களில் கையாண்ட வழி இது. சில பத்து மில்லிமோலாருக்கு மேல் போனால் வெறும் துகளே திரிந்துவிடும் என்பதால் உங்களுக்குக் கிடைக்கும் உப்பு வீச்சு குறுகியது. ஆனாலும் கருவி வசதி குறைந்த கல்லூரியில், ஒரு நிறமாலைமானியை மட்டும் வைத்துக்கொண்டு என்ட்ரோபியைப் பற்றி நேர்மையாக எதையாவது சொல்ல வேண்டும் என்றால் இதுதான் வழி.

இலைச்சாறு

நம் பக்கத்தில் இதற்குத்தான் மவுசு. வேம்பு, துளசி, பிச்சாவரத்துச் சுரபுன்னை என்று ஏதாவது ஓர் இலையை அரைத்து வெள்ளி நைட்ரேட்டில் ஊற்றினால் பழுப்பு நிறம் வரும், நிறமாலை எடுத்து ‘பசுமைத் தொகுப்பு’ என்று தலைப்பு போட்டுவிடலாம். பாக்டீரியாவை வளரவிடாமல் தடுக்கிறதா என்று பார்க்கும் ப்ராஜெக்டுக்கு இது தாராளமாகச் சரி.

என்ட்ரோபிக் கேள்விக்குச் சரிப்படாது. துகளின் மேல் இருப்பது பாலிபீனால்கள், சர்க்கரைகள், இலையின் சொந்தப் புரதங்கள் எல்லாம் கலந்த கூட்டு. மழைக்காலம் முடிந்து பறித்த இலையும் மே மாதத்து இலையும் ஒரே கலவையைத் தராது. ஆல்புமின் ஏறும்போது அங்கிருந்து யார் இறங்கினார்கள் என்று சொல்லவே முடியாத இடத்தில், விடுதலையின் கணக்கை யார் பெயரில் எழுதுவது? போதாததற்கு வெள்ளி சும்மா இருக்காது. அயனியாகக் கரையும், சீரத்தின் குளோரைடுடன் சேர்ந்து படியும். கைடு இலைச்சாற்றில்தான் நிற்கிறார் என்றால் தலைப்பை மாற்றுங்கள். என்ட்ரோபியை விட்டுவிடுங்கள்.

பெக்

பெக் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் ‘என்ட்ரோபித் தள்ளல்’ என்று சொல்லிவிட்டு நகரும் இடம் இது.

ஒரு முனையில் கந்தகம் வைத்த, 5000 டால்டன் எடையுள்ள பெக் சங்கிலியை எடுங்கள். அதில் சுமார் 114 அலகுகள். முழுக்க நீட்டினால் 40 நானோமீட்டர், தன்னிச்சையாக விட்டால் 6 நானோமீட்டர் அளவுப் பந்தாகச் சுருண்டு கிடக்கும். கந்தகம் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு சதுர நானோமீட்டருக்கு ஒரு சங்கிலி வீதம் நட்டால் பக்கத்துச் சங்கிலிக்கு 1 நானோமீட்டர்தான் இடைவெளி. 6 நானோமீட்டர் பந்துக்கு அந்த இடம் போதாது, சங்கிலிகள் வெளிப்பக்கம் நிமிர்ந்து தூரிகைபோல் நிற்கும். அலெக்சாண்டர் 1977-இலும் டி ஜென் 1980-இலும் வகுத்த படம் இது. புரதம் உள்ளே நுழைய முயன்றால், காந்தி வீதி ஞாயிறு சந்தைக்குள் லாரி நுழைந்ததும் ஜனங்கள் சுவரோரம் ஒடுங்குவதுபோல் சங்கிலிகள் ஒடுங்க வேண்டும். எடுக்கக்கூடிய வடிவங்களின் எண்ணிக்கை குறைகிறது, என்ட்ரோபி இழப்பு, ஆகவே தள்ளல்.

இதுவரை பாடம் சரி. ஆனால் டொனால்ட் நாப்பர் சங்கிலி போர்த்திய கூழ்மங்களைச் சூடாக்கியும் குளிர்வித்தும் பார்த்தவர். முழுக்க என்ட்ரோபியால் நிற்கும் கூழ்மம் குளிர்வித்தால் திரிய வேண்டும், ஏனென்றால் வெப்பநிலை குறையக் குறைய என்ட்ரோபியின் எடை குறையும். நீரில் பெக் போர்த்திய துகள்கள் நேர்மாறாக நடக்கின்றன, சூடாக்கினால்தான் திரிகின்றன. பெக்கின் ஒவ்வொரு ஆக்சிஜனும் நீருடன் ஹைட்ரஜன் பிணைப்பு வைத்திருக்கிறது, அந்த நீர் கொஞ்சம் ஒழுங்காக நிற்கிறது. சூடேற்றினால் நீர் கழன்றுகொள்ள, சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்குகின்றன. அதாவது சங்கிலியின் வடிவச் சுதந்திரம் ஒரு பக்கம், நீரின் என்தால்பி இன்னொரு பக்கம், இரண்டும் சேர்ந்துதான் காவல் காக்கின்றன. 0.39 மோலார் மக்னீசியம் சல்பேட்டில் இந்தத் திரிதல் உடல் வெப்பநிலையைவிடச் சில பாகைகள் மேலேயே தொடங்கிவிடும். ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு வெப்பமானி, நாப்பர் செய்ததைத் தங்கத்தில் செய்து பார்க்க உங்களுக்கு வேறொன்றும் வேண்டாம். பெக் என்றாலே என்ட்ரோபி என்று எழுதும் கைகளுக்கு இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லிக் கொடுக்கலாம்.

அப்புறம், பெக் புரதத்தை முழுசாகத் தடுக்கிறது என்பதும் மிகை. மைன்ஸ் நகர ஆய்வுக்குழு 2016-இல் காட்டியபடி, பெக் துகளின் மேலும் கிளஸ்டரின் போன்ற புரதங்கள் ஏறுகின்றன; துகளை விழுங்கும் செல்களின் கண்ணில் படாமல் அது தப்புவதற்கு அந்தப் புரதங்களே தேவைப்பட்டன. மருந்துகளில் பெக்கின் சாதனை பெரிது. பெக் போர்த்திய லிப்போசோம் மருந்தான டாக்சில் 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, எம்ஆர்என்ஏ கோவிட் தடுப்பூசிகளின் லிப்பிட் துகள்களிலும் பெக் உண்டு. பெக்குக்கு எதிரான ஆன்டிபாடி சிலர் உடலில் உண்டாவது இதன் பலவீனம். ஆறுமாத ப்ராஜெக்டுக்கு அந்தக் கவலை வேண்டாம்.

செலவைக் கேட்டால், கந்தக பெக் கிராம் கணக்கில் விலை அதிகம், ஆனால் உங்களுக்குக் கிராம் தேவையில்லை. 20 நானோமீட்டர் துகளின் பரப்பு 1257 சதுர நானோமீட்டர். நிறமாலைமானியில் 1 என்று காட்டும் கூழ்மத்தில் துகள் செறிவு ஏறத்தாழ 1 நானோமோலார். 10 மில்லிலிட்டருக்குத் தேவையான பெக் 60 மைக்ரோகிராம் சொச்சம். பத்து மடங்கு கூடுதலாகப் போட்டாலும் 1 மில்லிகிராம் தாண்டாது.

ஸ்விட்டர் அயனி

கொள்கை அளவில் இதுதான் அழகு. கார்பாக்சிபீட்டைன், சல்போபீட்டைன் போன்றவற்றில் நேர், எதிர் மின்சுமைகள் பக்கத்துப் பக்கத்தில் சோடியாக இருக்கின்றன. அவை ஒன்றையொன்று சமன் செய்துவிடுவதால் சோடியம், குளோரைடு மேகம் தேவைப்படுவதில்லை. மேகம் இல்லாத இடத்தில் புரதம் வந்தாலும் விடுதலையாக யாரும் இல்லை! சிட்ரேட்டில் புரதத்துக்குக் கிடைத்த அந்த என்ட்ரோபி லஞ்சம் இங்கே கிடைக்காது. ஜோசப் ஷ்லெனாஃப் 2014-இல் இந்த வாதத்தைத்தான் வலுவாக வைத்தார். ஷாவோயி ஜியாங் குழுவினர் அழுத்திச் சொல்வது வேறொன்று. மின்சுமைகள் நீரைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கின்றன, அதைப் பெயர்க்க ஆகும் என்தால்பிச் செலவு அதிகம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். எது எவ்வளவு என்பதுதான் சண்டை.

பெக்குக்கும் இதற்கும் ஒரு கண்கூடான வித்தியாசம் உண்டு. சல்போபீட்டைன் பாலிமர்கள் உப்பு சேர்த்தால் விரிகின்றன, சூடாக்கினால் நன்றாகக் கரைகின்றன. பெக் சூட்டில் சுருங்குகிறது. உப்பையும் சூட்டையும் மாற்றிப் பார்த்தால் இரண்டு மேலுறைகளும் எதிரெதிர்த் திசையில் போவதைக் காணலாம்.

ஆனால் கையில் கிடைப்பது எப்படி? பாலிமரைத் துகளிலேயே வளர்க்க நல்ல வேதியியல் லேப் வேண்டும், காற்றில்லாச் சூழல் வேண்டும், பொறுமை வேண்டும். ‘சிஸ்டைனும் ஸ்விட்டர் அயனிதானே, அதையே போட்டுவிடலாமே’ என்று யோசிப்பவர்கள் உண்டு. போடாதீர்கள். சிட்ரேட் தங்கத்தில் சிஸ்டைன் சேர்த்தால், ஒரு துகளின் அமினோ முனை இன்னொரு துகளின் கார்பாக்சில் முனையைப் பிடித்துக்கொண்டு கூழ்மம் நீலமாகிவிடும். சிஸ்டைனைக் கண்டறியும் சோதனையாகவே அதைப் பயன்படுத்துகிறார்கள். ஸ்விட்டர் அயனியைப் பி.எச்டி.க்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆல்புமினையே முன்கூட்டிப் பூசிவிடுவது இன்னொரு வழி. எளிது, மலிவு. ஆனால் சீரத்துக்குள் போனதும் வேறு புரதங்கள் அதைத் தள்ளிவிட்டு உட்காரும். ரத்தம் படும் பரப்புகளில் இப்படி ஆள் மாறுவதை லியோ வ்ரோமன் கவனித்துச் சொன்னார். ஆய்வாளராக இருந்துகொண்டே டச்சு மொழியில் கவிதையும் எழுதியவர் அவர். எனவே இது மேலுறை என்பதைவிடத் தற்காலிக ஏற்பாடு.

அளப்பது எப்படி என்பதுதான் பாதித் தீர்மானம்

மேலுறையைத் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. என்ட்ரோபியை நேரடியாக அளக்கும் மீட்டர் கிடையாது; வேறு இரண்டை அளந்து கழித்துத்தான் அது வருகிறது. டைட்ரேஷன் கலோரிமீட்டர், சுருக்கமாக ஐடிசி, ஒட்டும்போது வரும் வெப்பத்தை நேராக அளக்கிறது, வளைகோட்டின் வடிவத்திலிருந்து ஒட்டுதல் மாறிலியைத் தருகிறது. நல்ல கருவி. சிக்கல் செறிவில். 1 நானோமோலார் தங்கத்தில் துகளுக்கு 30 ஆல்புமின் இடம் என்று வைத்தாலும் மொத்தம் 30 நானோமோலார் இடங்கள்தான். தெளிவான வெப்பம் காட்ட வேண்டுமானால் பத்து மைக்ரோமோலார் அளவிலாவது இடங்கள் வேண்டும். முந்நூறு மடங்கு செறிவாக்க வேண்டும். சிட்ரேட் தங்கத்தை மையவிலக்கியில் போட்டு அந்த அளவுக்கு அடர்த்தியாக்கினால் அடியில் கறுப்பாகப் படிந்துவிடும், திரும்பக் கலையாது. பெக் தங்கம் கலையும். ஆனால் பெக் தங்கத்தில் ஆல்புமின் லேசாகத்தான் ஒட்டும், வெப்பமும் லேசாகத்தான் வரும். நன்றாக ஒட்டுவதைச் செறிவாக்க முடியாது, செறிவாக்க முடிந்ததில் ஒட்டாது. 2007-இல் டாசன், லின்ஸ குழுவினர் ஐடிசிக்குத் தங்கத்தை எடுக்காமல் பாலிமர் துகள்களை எடுத்ததற்கு நல்ல அர்த்தம் இருந்தது.

ஐடிசி இல்லாதவர்கள் செய்வது ஒளிர்வுத் தணிப்பு. மாட்டு ஆல்புமினில் ஒளிரும் அமினோ அமிலமான டிரிப்டோபேன் இரண்டு உண்டு, தங்கம் சேரச் சேர ஒளிர்வு குறையும், அதிலிருந்து மாறிலி. 298, 304, 310 கெல்வினில் மூன்று முறை எடுத்து, மாறிலியின் மடக்கையை வெப்பநிலையின் தலைகீழ் மதிப்புக்கு எதிரே வரையும் வான்ட் ஹாஃப் கோடு போட்டு என்தால்பியையும் என்ட்ரோபியையும் எடுத்துவிடுவார்கள். பிறகு ராஸும் சுப்ரமணியனும் 1981-இல் சொன்ன விதிப்படி, இரண்டும் நேர்க்குறி என்றால் நீர்விலக்கு விசை, இரண்டும் எதிர்க்குறி என்றால் ஹைட்ரஜன் பிணைப்பும் வான் டெர் வால்ஸும் என்று ஒரு வரி எழுதுவார்கள். நம் பகுதி அறிக்கைகளில் இந்த வரி எத்தனை முறை வருகிறது என்று எண்ண ஆரம்பித்தால் அலுத்துவிடும்.

அந்த வரி எவ்வளவு பலவீனமானது என்று ஒரு கணக்கு காட்டுகிறேன். 298-க்கும் 310-க்கும் இடையே வெப்பநிலையின் தலைகீழ் மதிப்பில் வித்தியாசம் 0.00013 தான். சாய்வைத் தீர்மானிப்பவை இரண்டு முனைப் புள்ளிகள். நடுப்புள்ளி பெரிதாக உதவாது. ஒவ்வொரு மாறிலியிலும் 10 சதவீதப் பிழை என்றால் மடக்கைகளின் வித்தியாசத்தில் பிழை 0.14. அதை 0.00013-ஆல் வகுத்து வாயு மாறிலியால் பெருக்கினால் என்தால்பியில் மோலுக்கு 9 கிலோஜூல் பிழை. அதே பிழை என்ட்ரோபிக்குப் போகும்போது கெல்வினுக்கு 30 ஜூல். தங்கமும் அதே ஒளியை உறிஞ்சுவதால் தணிப்பு எண்களே கோணலாகும். 10 சதவீதம் என்பது தாராள மனசு. இதில் மே மாதத்து லேபில் ஏசி ஓடாமல் 33 பாகையில் எடுத்துவிட்டு ‘அறை வெப்பநிலை, 298 கெல்வின்’ என்று எழுதினால், மொத்த 12 பாகை வீச்சில் 8 பாகையைத் தொலைத்தாயிற்று. இப்படி வந்த என்ட்ரோபிக்கு மூன்று தசமம் எதற்கு?

இன்னொன்று. வான்ட் ஹாஃப் கோடு நேராக இருக்க என்தால்பி வெப்பநிலையோடு மாறாமல் இருக்க வேண்டும். நீர்விலக்கு விளைவில் அது மாறும். அறை வெப்பநிலையில் பெரும்பாலும் என்ட்ரோபியாக இருக்கும் விளைவு, சூடு ஏற ஏற என்தால்பிக் கணக்குக்கு நகர்ந்துவிடும். விசையின் பெயரைக் குறியிலிருந்து வாசிப்பது ஏன் ஆபத்து என்று இப்போது புரியும்.

புரதத்தின் மடிப்பையும் மறக்கக்கூடாது. வாஹெனிங்கனில் நோர்டயும் லைக்லமாவும் புரதங்களைக் ‘கடினம்’, ‘மென்மை’ என்று பிரித்தார்கள். லைசோசைம் கடினம், பரப்பில் ஒட்டினாலும் உருவம் அவ்வளவாகக் கலையாது. ஆல்புமின் மென்மை. சுருள் கலையும்போது அதன் சொந்த என்ட்ரோபி கூடுகிறது, அந்த லாபத்தாலேயே மின்சுமை ஒவ்வாத பரப்பிலும் ஒட்டிக்கொள்ளும். எனவே ஆல்புமினோடு லைசோசைமையும் ஒரு பக்கம் ஓட்டினால் நீர், அயனி பங்கை மடிப்பின் பங்கிலிருந்து ஓரளவாவது பிரிக்கலாம். லைசோசைம் நேர்மின்சுமை கொண்டது, சிட்ரேட் தங்கத்தைச் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடும். பெக் தங்கத்தில்தான் அது ஓடும்.

செல்லுக்குள் நுழைவதைப் பார்க்கப்போகிறவர்களுக்கு ஒரு பத்தி மட்டும். செல் சவ்வை வளைத்து ஒரு துகளை முழுசாகச் சுற்ற, துகள் எந்த அளவாக இருந்தாலும், சவ்வின் விறைப்பு 20 வெப்ப அலகு என்று வைத்தால் சுமார் 500 வெப்ப அலகு செலவு. அதை அடைக்கப் பல ஏற்பிகள் (துகளைப் பிடிக்கும் சவ்வுப் புரதங்கள்) ஓரிடத்தில் கூட வேண்டும்; சவ்வில் பரவித் திரிந்தவை கூடும்போது அவற்றுக்கும் என்ட்ரோபி இழப்பு. மிகச் சிறிய துகளில் போதுமான ஏற்பிகளுக்கு இடமில்லை, மிகப் பெரியதில் ஏற்பிகள் தீர்ந்துபோகின்றன. 2006-இல் டொரன்டோவில் வாரன் சான் குழு வெவ்வேறு அளவுத் தங்கத்தை ஹீலா என்ற மனிதப் புற்றுநோய் செல்களில் விட்டபோது 50 நானோமீட்டர்தான் அதிகம் உள்ளே போனது. செல் வேலை இருந்தால் 20-ஐ விட்டு 50-க்குப் போங்கள்.

சரி, எதை எடுப்பது? பெக்கை எடுங்கள், சிட்ரேட்டை அதற்கு ஒப்பீட்டு மாதிரியாக வையுங்கள். பெக் துகள் செய்ய எப்படியும் சிட்ரேட் வழியாகத்தான் போக வேண்டும், ஒரே குடுவைச் சிவப்பை இரண்டாகப் பிரித்தால் போதும். தொடக்கச் சோதனைக்கு, தங்கக் கூழ்மத்தை உப்பிலிருந்து புரதம் காக்கிறதா என்று பார்க்கும் ஸிக்மொண்டியின் பழைய தங்க எண் முறையே நன்று. 10 மில்லிலிட்டர் கூழ்மத்தில் 10 சதவீத உப்பு நீர் 1 மில்லிலிட்டர். கலந்தபின் உப்பு 0.9 சதவீதம் ஆகிறது, ஆஸ்பத்திரி சலைன் அளவு. சிட்ரேட் குழாய் நீலமாகும், ஆல்புமின் முன்பே சேர்த்த சிட்ரேட் குழாய் சிவப்பாக நிற்கும், பெக் குழாய் எதுவும் சேர்க்காமலேயே சிவப்பாக நிற்கும். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அறிக்கையின் முதல் படம் அதுதான்.

அடுத்து, வெப்பநிலை மாற்றும் வேலைக்கு முன், ஒட்டிய புரதம் திரும்பக் கழல்கிறதா என்று பார்க்க ஒரு நாளை ஒதுக்குங்கள். ஆல்புமின் ஏறிய துகளை மையவிலக்கியில் பிரித்து, புரதம் இல்லாத பஃபரில் நீர்த்து, மறுநாள் மேல்நீரில் (துகள் படிந்தபின் மேலே நிற்கும் நீரில்) ஆல்புமின் திரும்பி வந்ததா என்று பாருங்கள். வந்தால் சமநிலை மாறிலி என்று பேச உரிமை உண்டு. மென்மையான ஆல்புமின் சிட்ரேட் தங்கத்திலிருந்து திரும்பாமலே இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அப்படியானால் சிட்ரேட்டின் மாறிலி, என்தால்பி, என்ட்ரோபி மூன்று கட்டங்களையும் அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டு, பிழை அளவோடு பெக்கின் எண்களையும், உப்பிலும் சூட்டிலும் இரண்டு துகள்களும் எப்படி நடந்துகொண்டன என்பதையும் மட்டும் போடுங்கள். வாய்மொழித் தேர்வில் ஏன் கட்டம் காலி என்று கேட்டால், மறுநாள் எடுத்த மேல்நீரின் நிறமாலையைக் காட்டலாம்.